யார் கூற்று? யார் கண்?

கோட்பாடு படித்தவர்களுக்குக் கதை வராது என்றொரு பேச்சு தமிழில் நெடுநாளாக உண்டு. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வெளிவந்த காலத்திலிருந்தே இந்தப் பேச்சைக் கேட்கிறோம். தொண்ணூறுகளில் ‘நிறப்பிரிகை’ போன்ற இதழ்கள் பின்நவீனத்துவத்தையும் தலித்தியத்தையும் பெண்ணியத்தையும் விவாதத்துக்குக் கொண்டுவந்தபோது அதன் குரல் உயர்ந்தது. பெண்கள் தங்கள் உடலைத் தங்கள் சொற்களில் எழுத வந்தபோது அது வசையாகவே மாறிற்று. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்ததையொட்டி எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். பெண் தன் வாழ்விலிருந்து எழுதினால் ‘வெறும் அனுபவம்’. யோசித்து எழுதினால் ‘இரவல் கோட்பாடு’. இரண்டு வாசல்களையும் அடைத்துவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற வழக்கம் இது.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கதையைப் படித்து முடித்ததும் ‘இது ஆணாதிக்கப் பிரதி’ என்றோ ‘இது பெண்மொழி’ என்றோ முத்திரை குத்தி அடுத்த கதைக்குப் போய்விடுவது. கருத்தரங்கக் கட்டுரைகளில் இது அதிகம். முன்னுரையில் நான்கு மேற்கத்தியப் பெயர்கள், நடுவில் கதைச் சுருக்கம், முடிவில் தீர்ப்பு. முதல் வழக்கம் கோட்பாட்டைப் படிக்க மறுக்கிறது. இரண்டாவது வழக்கம் கதையைப் படிக்க மறுக்கிறது.

என்னைப் பொறுத்தவரை கோட்பாடு என்பது கையில் எடுத்துச் செல்லக்கூடிய சில கேள்விகள். பயன்பாட்டுக்கு வந்ததா இல்லையா என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான்: அந்தக் கேள்வியால் நான் வாசிக்கும் ஒரு வாக்கியம் வேறாகத் தெரிகிறதா? நான் எழுதும் ஒரு வாக்கியம் வேறாக அமைகிறதா? இந்தக் கட்டுரையில் மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யார் பேசுகிறார்கள்? யார் பார்க்கிறார்கள்? வினைச்சொல்லுக்கு எழுவாய் யார்?

1

பேசுகிறவரும் பார்க்கிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதை எடுத்துரைப்பியலில் தெளிவாக வகுத்தவர் ஜெரார் ஜெனெட். 1972இல் வெளியான அவருடைய நூலில், மார்செல் புரூஸ்தின் பெருநாவலை முன்வைத்து இந்த வேறுபாட்டை விளக்கினார். கதைசொல்லியின் குரல் ஒருவருடையதாக இருக்கும். காட்சி இன்னொருவரின் கண்வழியாக வரும். படர்க்கையில் சொல்லப்படும் கதையில்கூட ஒரு கண் ஒளிந்திருக்கும். அந்தக் கண் யாருடையது என்று கேட்காதவரை அது ‘இயற்கையான’ பார்வையாகவே நமக்குத் தோன்றும்.

தமிழ் படித்த நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியல்ல. ‘கூற்று’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு அகப்பாட்டுக்கும் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு எழுதி வைத்த மரபு நம்முடையது. தொல்காப்பியச் செய்யுளியல் களவிலும் கற்பிலும் யார் யார் பேசலாம் என்று பட்டியலே தருகிறது. அதைவிடச் சுவையான செய்தி, யார் பேசக்கூடாது என்பது. ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோருக்கு அகப்பாட்டில் நேரடிக் கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாமே தவிர, அவர்களே வந்து பேச முடியாது. ஊரின் அலர் தலைவியின் வாய்வழியாகவோ தோழியின் வாய்வழியாகவோதான் பாட்டுக்குள் நுழைகிறது. பெண்ணைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே கவிதைக்குள் குரல் மறுக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கொண்டு பழைய மரபைப் பெண்விடுதலை மரபாக்கிவிட வேண்டாம். அதே தொல்காப்பியம் மடலேறுவது பெண்ணுக்கு இல்லை என்றும் விதிக்கிறது. தன் காதலை ஊரறியச் சொல்லும் உரிமை தலைவனுக்கு மட்டும். தலைவி கூற்றாக அமைந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் நச்செள்ளையாரும் இருந்தார்கள் என்றாலும், பெண் கூற்று வேறு, பெண் எழுத்து வேறு. இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்வோம்: அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது. பெயரில்லாத தலைவி யாராகவும் இருக்கலாம் என்பதால் கவிதைக்கு ஒரு விரிவு கிடைக்கிறது. யாராகவும் இருக்கலாம் என்பதாலேயே அவள் குறிப்பாக யாராகவும் இல்லாமலும் போகிறாள். கூற்று, பெயர் ஆகிய இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

2

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. நம்மில் பலரும் படித்த கதை. பெண்கள் கல்லூரி வாசலில் மழை மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண் ஒருத்தி, பெரிய காரில் வந்த இளைஞன் அழைக்க ஏறிக்கொள்கிறாள். காருக்குள் அது நடக்கிறது. அவன் வருந்துகிறான், வீட்டருகே இறக்கிவிட்டுப் போகிறான். விஷயம் தெரிந்த விதவைத் தாய் முதலில் அடித்துக் கதறுகிறாள். பிறகு, ஒண்டுக்குடித்தனத்தின் அண்டை அயலாரிடம் மறைத்துவிட்டு, மகளின் தலையில் குடம் குடமாக நீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அன்றைய வாசகர்களை அதிரவைத்த கதை. கற்பு போனால் உயிரும் போக வேண்டும் என்று கதைகளும் படங்களும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தாய் மகளை வாழச் சொன்னாள். ராமாயணத்துச் சீதை இறங்கிய நெருப்பை ஜெயகாந்தன் குளியலறைத் தண்ணீராக மாற்றினார். அந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. முதன்முறை படிக்கையில் கண்கலங்காமல் அந்தக் கடைசிப் பகுதியைக் கடந்தவர்கள் குறைவு.

அந்தக் கலக்கத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்கிறார் ஜூடித் ஃபெட்டர்லி. 1978இல் அமெரிக்கப் புனைகதைகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூலின் மையக்கருத்து இது: ஆண் எழுதிய பிரதியைப் படிக்கும்போது பெண்ணும் ஆணாக நின்று படிக்கப் பழக்கப்படுகிறாள், தனக்கு எதிராகவே தன் அனுதாபத்தைச் செலவழிக்கிறாள். ஆகவே பெண் வாசகி முதலில் இசைந்து போக மறுக்க வேண்டும். மறுப்பது என்றால் புத்தகத்தை மூடுவதல்ல. கூடுதலாக ஒருமுறை படிப்பது.

அப்படிப் படிக்கும்போது முதலில் தெரிவது கண். கதை தொடங்குகையில் நாம் சாலையில் நின்று, வரிசையாக நிற்கும் மாணவிகளை வண்ணங்களின் கூட்டமாகப் பார்க்கிறோம். பிறகு அந்த ஒருத்தியிடம் வருகிறோம். அவளது உடை, நனைந்த தோற்றம், சிறுமி போன்ற உருவம் எல்லாம் நமக்குக் காட்டப்படுகின்றன. காரில் இருப்பவன் இனிமேல்தான் வரப்போகிறான். ஆனால் அவன் எங்கிருந்து பார்க்கப்போகிறானோ அந்த இடத்தில் நாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறோம். சினிமாவின் கேமரா எப்படிப் பார்வையாளரை ஆணின் இடத்தில் உட்கார வைக்கிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதியது இங்கே அச்சில் நடக்கிறது. காருக்குள் போனதும் கண் பெண்ணுக்குள்ளும் செல்கிறது. அவளது பயம், வியப்பு, குளிர், மயக்கம். அந்தக் குழப்பம் நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நுட்பமே அவள் சம்மதித்தாளா என்ற கேள்வியைக் கலங்கலாக்குகிறது. அந்தக் கலங்கலால் பயனடைபவன் அவன் மட்டுமே.

அடுத்தது கூற்று. முடிவில் நீளமாகப் பேசுவது தாய். அகலிகையைத் துணைக்கு அழைக்கிறாள். மனம் கெடவில்லை என்பதால் மகள் தூய்மையானவள் என்று தீர்ப்பளிக்கிறாள். மகளின் கூற்று அழுகைதான். நடந்தது என்னவென்று அவள் சொற்களில் நமக்குக் கிடைப்பதில்லை. அவனோ, வருத்தம் தெரிவித்துவிட்டு, காரோடு கதையை விட்டே வெளியேறிவிடுகிறான். அவனைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கழுவப்பட வேண்டியவள் பெண், கழுவுகிறவள் பெண், மறைக்க வேண்டியவர்களும் இவர்களே.

மூன்றாவது கேள்வி வினைச்சொல் பற்றியது. இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் தேவையில்லை, பள்ளியில் படித்த இலக்கணம் போதும். ‘கெட்டுப்போனாள்’ என்கிறோம். பால் கெட்டுப்போனது, பழம் கெட்டுப்போனது என்பதுபோல. அந்த வாக்கியத்தில் செய்தவன் இல்லை. அவளே எழுவாய், அவள் கேட்டுக்கு அவளே கர்த்தா. ‘கெடுத்தான்’ என்று மாற்றினால் அவன் வருகிறான். ஆனால் அவள் கெடக்கூடிய பண்டமாகவே நீடிக்கிறாள். ‘சீரழிக்கப்பட்டாள்’ என்ற செய்தித்தாள் தமிழில் செயப்பாட்டுவினை அவனை மறுபடி ஒளித்துவைக்கிறது. ‘அக்கினிப் பிரவேச’த் தாயின் மாபெரும் அன்புகூட இந்த வினைச்சொல்லுக்கு வெளியே வருவதில்லை. மகள் கெட்டுப்போகவில்லை என்று அவள் வாதாடுகிறாள். கெட்டுப்போதல் என்று ஒன்று பெண்ணுக்கு உண்டு என்பதை அந்த வாதம் ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு அழுக்கு இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் கதை சிறுத்துவிடவில்லை என்பதே என் அனுபவம். மாறாக, அந்தத் தாய் இன்னும் பெரியவளாகத் தெரிகிறாள். தனக்குக் கிடைத்த ஒரே மொழி தீட்டும் சுத்தமும் பேசும் மொழிதான் என்கிற நிலையில், அந்த மொழிக்குள் நின்றே மகளை உயிரோடு மீட்டுக்கொள்கிறாள். எதிர்த்து வாசிப்பது பாத்திரங்களுக்கு எதிரானதல்ல. அவர்களை அடைத்துவைத்த மொழிக்கு எதிரானது.

3

ஜெயகாந்தனின் பெரிய தகுதி, இந்தக் கதையை அவரே நிம்மதியாக விட்டுவைக்கவில்லை என்பது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். தாய் கூச்சலிட, ஊருக்கும் அண்ணனுக்கும் தெரிந்துவிட, பெண் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். ஆண்டுகள் கழித்து, ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதை அவள் வாழ்க்கைக்குள் வந்து சேர்கிறது.

சிறுகதையில் பெயரற்ற ‘அவள்’ நாவலில் கங்கா ஆகிறாள். கங்கா ‘நான்’ என்று பேசுகிறாள். அகப்பாட்டின் தலைவிபோல் யாராகவும் இருந்தவளுக்குப் பெயரும் கூற்றும் கிடைக்கின்றன. கூடவே, தொல்காப்பியம் வாயடைத்து வைத்திருந்த அத்தனை பேரும் வந்துவிடுகிறார்கள். ஊர் பேசுகிறது, அண்ணன் பேசுகிறான். எல்லோருக்கும் மேலாக வெங்கு மாமா பேசுகிறார்: படிக்க வைத்தவர், சட்டம் தெரிந்தவர், கையும் சும்மா இருக்காதவர். உன்னைக் கெடுத்தவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்ற தொனியில் அவர் விடும் சவாலை ஏற்றுத்தான் கங்கா பிரபுவைத் தேடிப் போகிறாள்.

எடுத்துரைப்பியலின் வகைப்பாடுகள் பெரும்பாலும் ஆண்களின் பிரதிகளை வைத்தே உருவாக்கப்பட்டவை என்றும், குரல் என்பதை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சூசன் லான்சர் 1986இல் எழுதினார். தன்மையில் பேசுவதாலேயே ஒரு பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடாது. கங்காவின் ‘நான்’ அதற்கு நல்ல சான்று. தன் வாழ்வில் நடந்தது என்ன என்பதை அவள் ஓர் ஆணின் சிறுகதை வழியாகவும், இனி என்ன செய்யலாம் என்பதை ஓர் ஆணின் சவால் வழியாகவும் யோசிக்கிறாள். அவள் குரல் சொந்தம், கேள்விகள் இரவல். அதே நேரம் ஓர் எழுத்தாளனைக் கதைக்குள் கொண்டுவந்து, நீ எழுதிய முடிவு யாருக்கு உதவிற்று என்று கேட்க வைத்திருக்கிறார் ஜெயகாந்தன். ஆர்.கே.வி.யின் கதை தாய்க்கு அழுகையைத் தருகிறது. கங்காவுக்கு அது எதையும் மீட்டுத் தருவதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தத் தண்ணீரும் தீட்டும் சுத்தமும் எந்த வீட்டுச் சொற்கள்? கதையும் நாவலும் பார்ப்பனக் குடும்பத்தில் நடக்கின்றன. அங்கே பெண்ணின் உடல் சாதியின் எல்லைச்சுவர். அது இடிந்தால் ‘சுத்தம்’ போய்விடும். ஆதிக்கச் சாதி ஆண்களின் வன்முறைக்குக் காலம்காலமாக ஆளாக்கப்பட்ட தலித் பெண்ணுக்கு இந்தச் சொல்லாடலில் இடமே இல்லை. கழுவுவதற்கு அவளுக்குச் ‘சுத்தம்’ என்ற ஒன்றை இந்தச் சமூகம் முதலிலேயே வழங்கியிருக்கவில்லை. தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்ற விவாதத்தைத் தொடர்ந்து ஷர்மிளா ரேகே 1998இல் எழுதியது, ‘பெண்’ என்று ஒருமையில் பேசும் என்னைப் போன்றவர்களை நோக்கித்தான்.

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளனால் வல்லுறவுக்கு உள்ளாகி, அவன் குடும்பத்தாரால் அடித்து நொறுக்கப்பட்ட தங்கம், தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். இங்கே பிரச்சினை சுத்தமல்ல; நிலம், கூலி, காவல் நிலையம், வழக்கு. தங்கத்துக்காகப் பேசுகிறவர் காத்தமுத்து. அவள் வாழ்க்கை அவர் கைப்பட்டுப் புகார் மனுவாகும்போது உருமாறுகிறது. காப்பாற்றியவரே பிறகு அவளைத் தன் வீட்டுக்குள் இன்னொரு மனைவியாக்கிக்கொள்கிறார். கூற்று கைமாறும்போதெல்லாம் பெண்ணின் உடலும் கைமாறுகிறது என்பதை இந்த நாவல் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டிய நாவல்கள் தமிழில் குறைவு. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவள் காத்தமுத்துவின் மகள் கௌரி. கண் அவளுடையது.

சிவகாமி அதோடு நிற்கவில்லை. பிறகு ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற தொடர்ச்சியை எழுதி, தன் நாவலைத் தானே குறுக்கு விசாரணை செய்தார். நாவலாசிரியை ஊருக்குத் திரும்பி வந்து, தான் எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியையும், தான் நின்று பார்த்த இடத்தையும் கேள்விக்குள்ளாக்குகிறாள். கோட்பாட்டைத் தன் எழுத்தின் மீதே பயன்படுத்துவது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால், வெளிநாட்டு நூல்களுக்கு முன்னால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

4

இனி என் மேசை. பெரிய துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் இந்தப் பெண்களின் வாழ்க்கையை ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் பலருக்குக் காட்டியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல். என் கதையில் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். நெரிசல் நேரத்தில் அலமாரிகளுக்கு இடையில் அவர் எப்படி நடந்து போவார் என்பது அந்தத் தளத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மேலே கண்காணிப்பு கேமராவும் இருக்கிறது.

முதல் பத்திக்காக இரண்டு வாக்கியங்கள் எழுதி அருகருகே வைத்தேன். ‘அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது’ என்பது ஒன்று. ‘வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்க ஒரு கை காலியாக இல்லை’ என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் அழகானது. ஆனால் அதை எழுத வேண்டுமானால் நான் அவளுக்கு எதிரே நிற்க வேண்டும். எதிரே நிற்பவர்கள் அந்தக் கடையில் மூவர்: வாடிக்கையாளர், மேற்பார்வையாளர், கேமரா. இரண்டாவது வாக்கியத்தை அவளுக்குள் இருந்துதான் எழுத முடியும். கண் யாருடையது என்ற கேள்வி அங்கே ஒரு முடிவாக மாறிற்று. கேமரா பார்ப்பதை ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுதுவது, அதுவும் முக்கால்வாசி புடவைகளும் கால்வாசி மனிதர்களும் தெரியும் கோணத்தில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லும் அந்தக் கண்ணுக்கு அலமாரிகளின் இடைவெளி தெரிவதில்லை. கதைக்கு அது வேண்டும்.

அடுத்து ஒரு சிக்கல். அதை ஜெனெட்டால் தீர்க்க முடியாது, ஏனென்றால் அது தமிழின் சிக்கல். மேற்பார்வையாளர் ‘அவர்’, அவள் ‘அவள்’. மேலேயுள்ள பத்தியையே பாருங்கள்; அவரை ‘அவர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். தமிழில் படர்க்கை என்பதே ஒரு படிநிலை. கதைசொல்லி வாயைத் திறந்ததுமே யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அவளை ‘அவர்’ என்றால் சுற்றறிக்கை போலாகிவிடும். அவரை ‘அவன்’ என்றால் கதைசொல்லி அவளுக்கு முன்பாகவே கோபப்பட்டுவிடுகிறாள். அந்தத் தளத்துப் பெண்கள் முகத்துக்கு நேரே ‘சார்’ என்றும், சாப்பாட்டு அறையில் ‘அவன்’ என்றும் சொல்வார்கள். கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நகர வேண்டும் என்று முடிவு செய்தேன். ‘சார்’ எந்த வரியில் ‘அவன்’ ஆகிறார் என்பதுதான் இப்போது கதையின் உச்சம். வேறு சம்பவம் தேவைப்படவில்லை.

மூன்றாவது, கூற்று. அவளையே ‘நான்’ என்று பேச வைக்கலாமா? நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நான், நின்று வேலை பார்க்கிறவளின் ‘நான்’-ஐ எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காயத்ரி ஸ்பிவாக் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முடிவில் புவனேஸ்வரி பாதுரி வருகிறாள். 1926இல் கல்கத்தாவில் தூக்கிட்டுக்கொண்ட இளம்பெண். விடுதலைப் போராட்டத்தில் ஆயுதம் ஏந்திய குழு ஒன்றைச் சேர்ந்தவள். ஒப்படைக்கப்பட்ட கொலையைச் செய்ய இயலாமல் இறந்தாள். கள்ளத்தனமான கர்ப்பம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து உயிரை விட்டாள். அப்படியும் பிற்காலத்தில் குடும்பத்தினர் அதைக் காதல் விவகாரம் என்றே நினைவுகூர்ந்தார்கள். ஒரு பெண் தன் உடலையே எழுத்தாக்கினாலும் வாசிப்பவர்கள் பழைய கதையையே வாசிக்கிறார்கள். அவளுக்காக நான் பேசிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தப் பக்கங்கள் குலைத்துவிடுகின்றன.

எழுதாமல் இருப்பது தீர்வாகாது. அது அந்தக் கடையை அப்படியே விட்டுவிடுவதாகும். இங்கே எனக்கு வழிகாட்டியது தோழி கூற்று. அகப்பாட்டில் தோழி தலைவியல்ல. தலைவிக்குப் பதிலாக உணர்வதாக அவள் பாவனை செய்வதும் இல்லை. அருகில் இருந்து பார்த்ததைச் சொல்கிறாள். தாயிடம் மறைக்கிறாள், தலைவனை நிறுத்திக் கேள்வி கேட்கிறாள், எதை எப்போது யாரிடம் சொல்வது என்று கணக்குப் போடுகிறாள். என் கதையை அடுத்த கவுண்டரில் நிற்கும் பெண் சொல்கிறாள். அவளுக்கும் வேலை போகும் பயம் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் இருக்கிறது. எல்லாவற்றையும் அவள் சொல்வதில்லை. எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதை வாசகி கவனிக்க வேண்டும். சங்கத் தோழிக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு, இவள் யாருக்கும் பணிப்பெண் அல்ல என்பது. இருவரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்.

வினைச்சொல்லில் ஒரு விதி வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் அவளுக்கு எதுவும் ‘நேராது’, ‘நடக்காது’, ‘ஆகாது’. செய்தவரை எழுவாயாக்காத எந்த வினையும் அந்தப் பத்தியில் வரக்கூடாது. ஒருவர் கை நீட்டினார் என்றால், கை நீட்டினார் என்றே வாக்கியம் இருக்கும். விதி சின்னதுதான். ஆனால் ஒரு பக்கத்தை இப்படி எழுதிப் பாருங்கள், நம் மொழி எத்தனை இடங்களில் அவருக்குத் திரைபோட்டுத் தருகிறது என்று தெரியும்.

5

கோட்பாட்டை வைத்துக்கொண்டு எழுதினால் பாத்திரங்கள் பொம்மைகளாகிவிடாதா? ஆகும், முதல் எழுத்திலேயே கோட்பாட்டை உட்கார வைத்தால். எழுதும்போது எனக்குக் காது மட்டும் போதும். அந்தப் பெண் எப்படிப் பேசுவாள், புடவையை எப்படி உதறி விரிப்பாள் என்பது மட்டும். கேள்விகளுக்கான நேரம் திரும்பப் படிக்கும்போது. ஏட்ரியன் ரிச் 1971இல் பெண்ணின் எழுத்தை ‘திரும்பிப் பார்த்தல்’ என்று சொன்னார். பழைய பிரதிக்குள் புதிய கண்ணோடு நுழைவது பெண்களுக்கு உயிர் வாழ்வதற்கான செயல் என்பது அவர் நிலைப்பாடு. மேசை மேலிருக்கும் என் கைப்பிரதியும் பழைய பிரதிதான். அதில் இருக்கும் தமிழ் எனக்கு முன்பே இருந்தது. யார் யாரோ எழுதியும் பேசியும் வளைத்து வைத்த தமிழ்.

எல்லாக் கேள்விகளுக்கும் கதை பதில் சொல்லிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘அக்கினிப் பிரவேச’த்தில் அந்தப் பெண் காரில் அவன் தந்த சூயிங்கத்தைக் குளித்து முடித்த பின்னும் மென்றுகொண்டிருக்கிறாள். தாய் கவனித்துத் துப்பச் சொல்கிறாள். கழுவிய பிறகும் வாயில் எஞ்சியிருக்கும் அந்த மெல்லுபொருளை எந்தக் கோட்பாட்டாலும் முழுதாக விளக்க முடியவில்லை. அது அவனுடைய எச்சமா, அவளுடைய குழந்தைத்தனமா, கதை தானே அறியாமல் வைத்துக்கொண்ட சந்தேகமா? கேள்விகளோடு போனதால்தான் அந்த இடத்தில் நான் நின்றேன். கண்ணீரோடு மட்டும் போயிருந்தால் தண்ணீரைத்தான் பார்த்திருப்பேன்.

விமர்சனம் என்பது நூல் மதிப்புரையோடு முடிகிற வேலை என்று நாம் பழகியிருக்கிறோம். வழக்கு விசாரணையிலும் செய்தியிலும் ஊர்ப்பேச்சிலும் ‘கெட்டுப்போனாள்’ இன்னும் தினமும் எழுவாயாக நிறுத்தப்படுகிறாள். அந்த வாக்கியத்தைத் தமிழில் இருந்து எடுத்துவிட ஒரு சட்டத்தால் முடியாது. கதை வாசிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் ஒவ்வொரு வாக்கியமாகத்தான் எடுக்க வேண்டும். யார் பேசுகிறார்கள், யார் பார்க்கிறார்கள், யார் செய்தார்கள் என்று கேட்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இந்த வேலைக்குத் தகுதியானவள். பட்டம் தேவையில்லை.